ஊமைக் கத்தி

அக்னி நட்சத்திரம் பிறந்த அன்று காலை பத்து மணிக்கு, முள்ளிக்குடி நாய்களெல்லாம் சாக்கடை ஈரத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோமென்று கிடந்த நேரத்தில், பிலோமினாவின் புருஷன் சந்தியாகு வாசலில் மர நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, போட்டோவுக்கு உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்து குளிர்ந்துபோனார். காய்ச்சல் குளிர் இல்லை, நடுக்கம் இல்லை, பல் கிட்டவில்லை; ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே ஒரு வெண்புகை, அது அவருடைய தோளிலிருந்து எழுந்து, நாற்காலிக் காலைச் சுற்றி இறங்கி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பிலோமினா காப்பி கொண்டுவந்து கையில் வைத்தாள். டம்ளர் விரலோடு ஒட்டிக்கொண்டது, காப்பி கட்டியானது.

"தலையைத் துவட்டுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே" என்றாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எது நடந்தாலும் அவள் முதலில் சொல்வது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

பிலோமினா மதுரையில் கான்வென்ட்டில் படித்தவள். படித்த படிப்பில் மிச்சம் இருந்தவை மூன்று: நேராகத் தையல் போடுவது, எதையும் அளந்து பார்ப்பது, அடுத்தவர் வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கி முடித்து வைப்பது. அவளுக்கு வாய்த்த சந்தியாகுவோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிக்கிற மனுஷர். உயர்நிலைப் பள்ளியில் சோதனைச்சாலைக் குடுவைகளைக் கழுவி வைக்கிற வேலை பார்த்தார். ஒரு தடவை பதினோரு நாள் அம்மை போட்டுப் படுத்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அவர் வராததே பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாலு ஆள் வந்து அவரை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள். நாற்காலி தரையோடு உறைந்திருந்தது. டாக்டர் வந்தார், வாயில் வைத்த தெர்மாமீட்டர் டிக்கென்று தெறித்தது, "அசைச்சா ஒடஞ்சிருவாரும்மா, இருக்குற இடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போகிறபோது ஐந்து நிமிஷம் அவர் பக்கத்திலேயே நின்று, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, கழுத்துக்குக் காற்று வாங்கிக்கொண்டு போனார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. முள்ளிக்குடியில் மே மாசத்தில் குளிர்ச்சியாக எது வந்தாலும், அது ஏன் வந்தது என்று கேட்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

முதலில் வந்தவள் மீன்கார நம்புக்கனி. "மதினி, கூடையை அண்ணன் கால்மாட்டுல ஒரு ஓரமா வச்சுக்கிறேன், மத்தியானம் வரைக்கும்தான்" என்று வைத்தாள். மறுநாள் அந்த மத்தியானம் சாயந்தரமானது, அதற்கு மறுநாள் அவளுடைய தராசும் பலகையும் வந்தன. பிறகு பால்காரர்கள் கேனைக் கொண்டுவந்து வரிசை வைத்தார்கள், பூக்கட்டுகிறவள் மல்லிகையைச் சாக்கோடு கொண்டுவந்து அவர் மடியில் சாய்த்து வைத்தாள், பரீட்சையைத் திரும்ப எழுதப்போகிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வியர்க்குரு போட்ட குழந்தைகளை அம்மாக்கள் அவர் முதுகுப் பக்கமாய்த் தூங்கப்போட்டார்கள். மேலத்தெருவில் இறந்துபோன ஒரு பெரியவரின் மகன் பஹ்ரைனிலிருந்து வரும் வரைக்கும் பிணத்தையே இரண்டு நாள் அவர் பக்கத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள், சந்தியாகுவும் பிணமும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் கவுன்சிலர் தவசி வாசல் முழுக்கப் பந்தல் போட்டு, "குளிர்ப் பந்தல்" என்று ஒரு பிளெக்ஸும் கட்டி, அதில் சந்தியாகுவின் படத்தை விடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டான். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அங்கேயே வைத்தார், பிரசங்கம் நீண்டுகொண்டே போனது, ஒருத்தர்கூட வெளியே எழுந்து போகவில்லை.

இதையும் சொல்ல வேண்டும்: சந்தியாகுவுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல அவரிடம் பேசியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "அண்ணே சாப்பிட்டீங்களா", "அண்ணே நல்லாயிருக்கணும்ணே" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணப் போட்டோவில்கூட வராத சிரிப்பு. அது வந்த நாளிலேயே உறைந்தும் போனது. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், அவருக்குள் என்ன நடந்தாலும், முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது, ஊரும் அதையே சம்மதமென்று எடுத்துக்கொண்டது.

பிலோமினா தையல் டேப்பை எடுத்தாள். தினமும் காலையில் அவர் உடம்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் குழிகிற இடம் உயிர், குழியாத இடம் கல். பாதம் முதல் நாளே கல்லாயிருந்தது. பிறகு கெண்டைக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. நாளைக்கு மூன்று விரற்கடை, மழைத்தண்ணீர் தொட்டியில் ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறியது. ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். அக்னி நட்சத்திரம் இருபத்தைந்து நாள். கல் அவருடைய மார்பைத் தொடுவது பதினெட்டாம் நாள்.

"பதினெட்டாம் நாள் செத்துப்போவாரு" என்று பந்தலில் நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

"கத்திரி வெயில் கழியட்டும்க்கா" என்றான் தவசி. "இன்னும் கொஞ்ச நாள்தானே. அப்புறம் ஊரே சேந்து ஒங்களுக்கு என்ன வேணுமோ செய்யுறோம். அண்ணனைப் பாருங்க, எம்புட்டு சந்தோசமா இருக்காரு."

"அது சிரிப்பு இல்லடா, அது ஐஸ்."

"நீங்க எப்பவுமே இப்படித்தான்க்கா, அவரைச் சிரிக்க விட மாட்டீங்க."

நெருப்பு வேண்டும். அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கேஸ் அடுப்பைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள், நீலச் சுடர் தலையைக் காட்டிவிட்டுச் செத்தது. கரி மூட்டையை அவிழ்த்தாள், கரி மேல் வெள்ளை பூத்தது. கடையில் பிளந்து அடுக்கியிருந்த விறகு, வண்டியிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் பனியைக் குடித்து நமுத்துப்போனது. எல்லாவற்றையும் கெடுத்துப் பார்த்துக் கடைசியில் அவள் கண்டுபிடித்தது இது: சீமைக்கருவேலங்கட்டையை அவர் காலடியிலேயே வைத்துப் பிளந்து, உள்ளேயிருந்து அப்போதுதான் வெளிச்சம் பார்க்கிற அந்தச் சிவந்த நடுமரத்தின், செவ்வயிரத்தின், மேல் பனி பூக்குமுன்னே, பத்து எண்ணுவதற்குள் நெருப்பில் போட்டால், அது மட்டும் பிடித்தது, பிடித்தது நின்றது, நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்கு அவருடைய கால் பெருவிரலில் ரத்தச் சிவப்பு வந்து போனது.

அந்தச் சிவப்பைப் பார்த்த வெறியில் கோடாலியை ஓங்கிக் கட்டையில் இறக்கினாள். தரை அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி நாற்காலிக் கால் வழியாக ஏறி, சந்தியாகுவின் இடது கைச் சுண்டுவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு மயிரிழை விரிசலாக ஓடியது. கண்ணாடியில் கல் பட்ட மாதிரி டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிலோமினா கோடாலியைக் கீழே வைக்கக்கூடப் பயந்து, பிள்ளையை இறக்குகிறவள் போல மெதுவாகப் படுக்க வைத்தாள்.

ஓங்கி அடிக்கிற எதுவும் கூடாது, கோடாலி கூடாது, வெட்டரிவாள் கூடாது. கட்டையின் தலையில் கத்தியைக் குறுக்காக வைத்து, அதன் முதுகில் துணி சுற்றிய புளியங்கட்டையால் தட்டித் தட்டி, கத்தி உள்ளே இறங்க இறங்க மரம் தானே வாயைத் திறக்கும்படி பிளக்க வேண்டும். அதற்கு எந்தக் கத்தி?

காய் நறுக்குகிற கத்தி மூன்றாவது தட்டில் பாம்பாக வளைந்தது. கொழுந்தன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி, முள்கரண்டி, ரம்பம், பாட்டில் திறக்கிற கொக்கி என்று சகல சாமானும் உள்ளடக்கியது, ஐந்தாவது தட்டில் தன் இஷ்டத்துக்கு மடங்கி அவளுடைய ஆள்காட்டி விரலைக் கவ்வியது. கடைத்தெருவில் பெட்டிக்குள் வைத்து விற்கிற, பளபளவென்ற கத்தி ஒன்று வாங்கினாள். அதன் இரும்பு பிடிக்குள் பாதியோடு நின்றுவிட்டதென்பது, பிடி ஒரு பக்கமும் கத்தி ஒரு பக்கமுமாகப் பிரிந்து வந்தபோதுதான் தெரிந்தது. மடங்காத கத்தி வேண்டும், வளையாத கத்தி வேண்டும், பிடியின் கடைசி வரைக்கும் இரும்பு ஓடுகிற கத்தி வேண்டும் என்று, விரலில் கட்டோடு, செபமாலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் சந்தியாகு பேச ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்தச் சிரிப்புக்கு நடுவே உதடு பிரிந்து, வெண்புகையோடு ஒரே ஒரு சொல் வந்தது: "எனக்கு". அவ்வளவுதான். அடுத்த சொல் வரவில்லை. பிலோமினா அவர் வாய்க்கு நேரே காதை வைத்துக்கொண்டு மண்டிபோட்டாள். வாழ்க்கையில் ஒருத்தர் பேசி முடிக்க அவள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு என்னங்க? தண்ணியா? வலிக்குதா? தூக்கமா?" அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஊர் அந்த வாக்கியத்தை முடித்து வைக்க முண்டியடித்தது. "எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்ல வர்றாரு" என்றான் தவசி. "எனக்கு இந்த ஊரே போதும்னு" என்றாள் பூக்காரி. "எனக்கு நெத்திலி வேணும்னு" என்றாள் நம்புக்கனி, அவள் எல்லோரையும் தன்னைப்போலத்தான் நினைப்பாள். யார் சொல்வது சரியென்று பந்தலில் பந்தயம்கூட நடந்தது.

புதன்கிழமை சாயந்தரம் இரண்டாவது சொல் வந்தது: "கால்".

அதற்கு மறுநாள்தான் பிலோமினா, ஊர் சொன்னதைக் கேட்டு, கணீர்க் கத்தி வாங்கினாள். முள்ளிக்குடியில் கத்தி வாங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கூர்மையைப் பார்க்க மாட்டார்கள், கனத்தைப் பார்க்க மாட்டார்கள். கத்தியைக் காதோரம் தூக்கிப்பிடித்து நகத்தால் சுண்டுவார்கள். கோயில் மணி மாதிரிக் கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்ல இரும்பு, வாங்கு. ஒலிக்காவிட்டால் போட்டுவிட்டு நட. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் அந்த வீட்டு அரிவாளைச் சுண்டிப் பார்த்துவிட்டு, குடும்பம் சரியில்லை என்று எழுந்து வந்த கதையெல்லாம் உண்டு. "சுண்டிப் பாத்து வாங்குங்க மதினி" என்று நம்புக்கனி கூடவே வந்து, வழிவிட்டான் ஆசாரியின் பட்டறையில் தொங்கிய நாற்பது கத்தியையும் சுண்டி, அதில் அதிக நேரம் பாடியதை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் தட்டிலேயே அந்தக் கத்தி, கட்டையில் இறங்குவதை விட்டுவிட்டு, பாடியது. அந்தக் கணீர் காற்றில் போகவில்லை, நேராகச் சந்தியாகுவிடம் போனது. மணிக்கட்டில் நின்றிருந்த விரிசல் முழங்கைக்கு ஏறியது. நிறுத்துவதா கூடாதா என்று நினைப்பதற்குள் இரண்டாவது தட்டும் விழுந்துவிட்டது. குளிரில் விறைத்திருந்த கத்தி பிஸ்கோத்து மாதிரி இரண்டாக ஒடிந்து, முனைத் துண்டு பறந்து போய்ப் பால் கேனில் விழுந்தது.

"ஆண்டவருக்கு இஷ்டமில்ல போல" என்று யாரோ பின்னாலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு, சுகமாகச் சொன்னார்கள்.

அப்போதுதான், பேச ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம், அவருடைய கடைசிச் சொல் வந்தது. எல்லோரும் கேட்டார்கள். பந்தயம் கட்டியவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள்.

"தெரியல."

எனக்குக் கால் தெரியல.

பந்தலில் ஒரு நிமிஷம் ஒருத்தரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு நம்புக்கனி மீன் மேல் சாக்கை இழுத்து மூடினாள். பரீட்சைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார்கள். "கால் தெரியலேன்னா வலியும் தெரியாதில்ல, ஒருவகையில நல்லதுதான்" என்று தவசி சொன்னான், சொல்லிவிட்டு நாற்காலியை இன்னும் ஒரு முழம் குளிர்ப் பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் டேப்பை வைத்து அளந்தபோது மார்புக்கு மூன்று விரற்கடை மிச்சமிருந்தது. பதினேழாம் நாள். பிலோமினா நாற்காலிக் காலில் படிந்திருந்த பனிக்கட்டியை உடைத்து ஒரு துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு, ஒடிந்த கத்தியின் இரண்டு பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டறைக்கு நடந்தாள். நடந்தாளென்று சொல்வது மரியாதைக்கு.

"ஏன் ஆசாரி, இதென்ன கத்தியா, பண்டமா?"

வழிவிட்டான் இரண்டு துண்டையும் வாங்கி, ஒரு துண்டைச் சுண்டினான். அது அப்போதும் கணீரென்றது. "இரும்பு நல்ல இரும்புதானுங்க. நீங்க எதுல வச்சு அடிச்சீங்க?"

"எம்புருசன் தலையில."

"அக்கா, கோவப்படாதீக. கணீர்னு கேட்டா அது..."

"கணீர்னு கேட்டா நல்ல இரும்பு. ஒங்கப்பா சொன்னாரு, தாத்தா சொன்னாரு. எங்க வீட்டுல ஒரு மனுசன் விரிஞ்சுக்கிட்டே போறாரு ஆசாரி, சத்தம் கேக்குறதுக்கா நான் வந்தேன்?"

அவன் துண்டை மறுபடி காதோரம் தூக்கியபோது அவளுக்குப் பட்டறையின் பின்புறத்திலிருந்து தொப், தொப் என்று கேட்டது. தலையணையைத் தட்டுகிற மாதிரி. எட்டிப் பார்த்தாள். ஆசாரியின் பெண்சாதி முனீஸ்வரி, துருத்தி ஊதுகிறவளும் பெரிய சம்மட்டி போடுகிறவளும் அவள்தான், தரையில் குத்தவைத்துக் காலைச் சோற்றுக்குக் கருவேலங்கட்டை பிளந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த கத்தி கறுப்பாய், அவலட்சணமாய், ஒரு சாணும் நாலு விரலும் நீளத்தில், அரைச் சுண்டுவிரல் கனத்தில் முதுகோடு இருந்தது. ஒடிந்த உலக்கைத் துண்டால் அவள் அதன் முதுகில் தட்டத் தட்ட, கட்டை ரொட்டி மாதிரிப் பிரிந்தது.

"அது என்ன கத்தி?"

"இதுவா? இது அடுப்புக்குக்கா."

"நாப்பது கத்தி முன்னாடி தொங்குது. அதுல ஒண்ணுல பொளக்குறதுக்கென்ன ஒனக்கு?"

முனீஸ்வரி புருஷன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதெல்லாம் வீசி வெட்டுறதுக்குக்கா. மேல வச்சு அடிச்சா தாங்காது. சத்தத்துக்காக அவரு பழுத்த இரும்பைப் பச்சத் தண்ணியில முக்குவாரு, அதுல கூரும் வரும், முறுக்கும் வரும், ஆனா கண்ணாடிக் கொணமும் வந்துரும். இது லாரி ஸ்பிரிங் பட்டையில நான் அடிச்சது. எண்ணெயில முக்கி, மறுபடி தணல்ல காட்டி, பையப் பைய ஆற விட்டேன். இந்தா பாருங்க, பிடியிலயும் கடைசி மட்டும் இரும்புதான், மேல ரெண்டு பக்கமும் மரம் வச்சு ஆணியடிச்சிருக்கு. ஆனா ஊமை. சந்தையில வச்சா சுண்டிப் பாத்துட்டு, செத்த இரும்புன்னு வச்சிட்டுப் போயிருவாக."

பிலோமினா வாங்கிச் சுண்டினாள். ஒன்றுமில்லை. நகம்தான் வலித்தது. துண்டை அவிழ்த்து, பனிக்கட்டிக்கு நடுவே கத்தியைப் புதைத்து, அதன் மேலேயே துண்டை இறுக்கிக் கட்டி, ஆயிரம் எண்ணினாள். பிறகு உருவி எடுத்து, வெள்ளை பூத்த அந்தக் கத்தியை முனீஸ்வரியின் கட்டையில் வைத்து, உலக்கையால் பலங்கொண்ட மட்டும் அடித்தாள். தொப். கட்டை பிரிந்தது. கத்தி, ஒன்றும் நடக்காதது மாதிரி, தரையில் நின்றது.

"இதைக் குடு."

முனீஸ்வரி யோசித்தாள். "எங்க வீட்டு மீனும் ஒங்க வாசல்லதான்க்கா கெடக்குது" என்றாள். அப்புறம், "நாறுனா நாறட்டும். எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ஒன்பது மணிக்கு அவள் பந்தலுக்குள் நுழைந்தபோது வெளியே வெயில் கண்ணைப் பிடுங்கியது, உள்ளே ஊர் போர்வையைப் போர்த்தாத குறையாகக் குந்தியிருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கை கனத்தில் இருந்த கருவேலங் கொம்புகளைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு தட்டினாள். தொப், தொப். அந்தச் சத்தம் கத்தியின் உடம்புக்குள்ளேயே போய் அடங்கியது, எங்கேயும் ஓடவில்லை, யாரையும் விரிக்கவில்லை. செவ்வயிரம் வெளிப்பட்டது, நெருப்பில் விழுந்தது, பெருவிரல் சிவந்தது. ஆனால் கொம்பு நெருப்பு காகித நெருப்பு. இரண்டு நிமிஷம் எரிந்தது, பெருவிரல் வெளுத்தது. அடுத்த கொம்பு, மறுபடி சிவப்பு, மறுபடி வெளுப்பு. இருபது கொம்பு தீர்ந்தபோது டேப்பை வைத்தாள். மார்புக்கு இரண்டு விரற்கடை.

அடிமரம் வேண்டும். தொடை கனத்தில், நின்று எரிகிற அடிமரம். ஒன்று கிடந்தது, கருவேலத்துக்கே உரிய கோணலோடு, முண்டும் முடிச்சுமாய், எந்தப் பக்கம் நிறுத்தினாலும் உருண்டது. காலால் மிதிக்க முடியாத கனம். ஒருவர் கட்டிப் பிடிக்க, ஒருவர் தட்ட வேண்டும்.

"யாராச்சும் ஒரு ஆள் வந்து பிடிங்க."

நம்புக்கனி கையைத் தூக்கிக் காட்டினாள், முழங்கை வரைக்கும் செதிள். "மீன் கையி மதினி, வழுக்கும்."

"தவசி."

"முதுகுல பிடிப்புக்கா. நேத்துத்தான் எண்ணெய் போட்டேன்."

"சாமி?"

பங்குச் சாமியார் கண்ணை மூடிச் செபத்தில் இருந்தார், அல்லது தூக்கத்தில் இருந்தார். மற்றவர்களுக்கு மடியில் குழந்தை இருந்தது, புத்தகம் இருந்தது, பூ இருந்தது. ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. மாட்டேன் என்று சொன்னால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேட்டிருப்பாள்.

அந்தப் பந்தலில் அசையாதவர் ஒருவர்தான். கட்டையை உருட்டிக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துத் தூக்கி, சந்தியாகுவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்தினாள். நாற்காலி விளிம்பில் சாய்ந்து அது நின்றது, ஆனால் ஆடியது. கத்தியை வைத்தால் திரும்பும். அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"பிடிங்க. இதுல அடிச்சா ஒங்க மேலதான் விழும். விரிஞ்சுக்கூடப் போவீங்க. வேணாம்னா இப்படியே இருங்க, எல்லாரும் ஒங்களை நல்லவருன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. நான் ஒங்க வாயிலேருந்து பிடுங்கிச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சிரித்த முகம் சிரித்தபடி இருந்தது. பிலோமினா தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, புளியங்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள். பத்து மணி ஆனது. உள்ளுக்குள் ஒவ்வொரு எலும்பும் எழுந்திரு, கத்து, பிடுங்கு என்று உதைத்தது, அவள் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஆனது. இரண்டு விரற்கடை ஒன்றரை ஆகியிருக்கும், அவள் டேப்பைத் தொடவில்லை. பந்தலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவ்வளவு மெதுவாக நடப்பதைப் பார்க்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை. முழங்கால் மேலிருந்த அவருடைய கைகள், நிழல் நகர்வது போல, நகர்ந்துகொண்டிருந்தன. பதினொன்றரைக்கு விரல்நுனி கட்டையின் பட்டையைத் தொட்டது. பன்னிரண்டுக்கு உள்ளங்கை படிந்தது. பன்னிரண்டரைக்கு, விரிசல் ஓடிய இடது கையும் நல்ல வலது கையும் கட்டையைச் சுற்றிப் பூட்டின. ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

ஊமைக் கத்தியைக் கட்டையின் தலையில் வைத்துத் தட்டினாள்.

தொப். விரிசல் முழங்கையிலிருந்து மேலே ஏறியது. தொப். கத்தி பாதி இறங்கியது. முடிச்சில் முட்டி நின்றது. தொப். இடது சுண்டுவிரல், மெழுகுவத்தித் துண்டு மாதிரி, சத்தமே இல்லாமல் ஒடிந்து தரையில் விழுந்தது. பந்தலில் யாரோ "ஐயையோ" என்றார்கள். பிலோமினா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள், கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, கண்ணீர் கன்னத்திலேயே கட்டியாகி நின்றது. கைகள் விடவில்லை. மூன்று விரலும் பெருவிரலும் இன்னும் இறுக்கித்தான் பிடித்திருந்தன. தொப். தொப். முடிச்சு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது, கட்டை மேலிருந்து கீழ்வரை வாயைத் திறந்தது.

நெருப்பு நின்றது. ஒரு நிமிஷம் நின்றது, ஐந்து நிமிஷம் நின்றது. பெருவிரல் சிவந்தது, பாதம் சிவந்தது, நாற்காலிக் காலிலிருந்து தண்ணீர் ஓடி மீன் கூடைக்கு அடியில் புகுந்தது. முதலில் குழந்தைகள் சிணுங்கின. பிறகு சாமியார் கழுத்தைத் துடைத்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றொன்றாகத் தரையில் இழுபட்டன, பால் கேன்கள் கிளம்பின, ஈக்கள் வந்தன. "ஊருக்கு ஒரு நல்லது இருந்தா பொறுக்காது" என்று தவசி பிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டே அவளுக்குக் கேட்கும்படி சொன்னான். அவள் கட்டையின் அடுத்த பாதியைப் பிளந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு ரத்தம் முழங்காலைத் தொட்டது, சந்தியாகு அலறினார்.

உறைந்த கால் உயிராகிற வலி, பிள்ளை பெறுகிற வலிக்குப் பக்கத்து வீடு. அந்த அலறலில் தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. முகத்திலிருந்த சிரிப்பு தண்ணீராய் மோவாயில் வழிந்து போனது. அதற்குக் கீழே, இத்தனை நாளும் வாய் திறந்து கத்திக்கொண்டிருந்த முகம் இருந்தது.

"எரியுதுடி... பாவி... நிறுத்துடி..."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

"திட்டுங்க" என்றாள் பிலோமினா. "நிறுத்தாம திட்டுங்க, எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அவர் திட்டினார். அவளைத் திட்டினார், அவளைக் கட்டி வைத்தவர்களைத் திட்டினார், தவசியைத் திட்டினார், பள்ளிக்கூடத்தைத் திட்டினார், ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசி வரைக்கும் சொல்லி முடித்துத் திட்டினார். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கட்டையை உருட்டிவந்து, அவர் முழங்காலுக்கு நடுவே நிமிர்த்தி, "பிடிங்க" என்றாள்.